ரயருக்கு வாங்கிய சைக்கிள்

அக்காவின் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனபோது காது உடைந்த கோப்பையில்தான் தேத்தண்ணீர் கிடைத்தது. காது இருந்த இடத்தில் இரண்டு கூர் நீட்டிக்கொண்டிருந்தது. விரலைக் காப்பாற்றிக்கொண்டு குடித்தேன். எதிரே கண்ணாடி அலுமாரியில் ஆறு புதுக் கோப்பைகள் இருந்தன, பெட்டியே பிரிக்கப்படவில்லை. பெட்டியின் மேலிருந்த படத்தில்தான் அவற்றின் அழகைப் பார்க்கலாம்.

"நல்ல வடிவான கோப்பை அக்கா" என்றேன், படத்தைக் காட்டி.

"ஓம் பிள்ளை, புத்தம் புதுசு. ஏழு வருஷமா வைச்சிருக்கிறன்" என்றார் பெருமையாக.

ஏழு வருஷமாகப் புத்தம் புதுசு! எனக்கு அன்றைக்கு இது விளங்கவில்லை. போகப் போக விளங்கியது. அக்காவைப் பொறுத்தவரை ஒரு சாமானுக்கு வயது ஏறத் தொடங்குவது அதைப் பிரிக்கிற நாளில்தான். பிரிக்காத வரைக்கும் அது இப்போதுதான் கடையிலிருந்து வந்தது. நல்ல நாள் ஒன்று வரும், அன்றைக்கு எடுக்கலாம். அதுவரைக்கும் உடைந்ததும் கிழிந்ததும் ஒட்டுப்போட்டதும் போதும்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. மொன்றியலின் வடக்கே அஹுன்ட்சிக்கில் நாங்கள் இருந்த மாடிவீட்டுக்குக் கீழ்வீட்டில் தனியாக இருந்தார். நானும் அவரும் ஒரே தொழிற்சாலையில் குளிர்கால ஜாக்கெட் தைத்தோம். இந்தக் கதை நடந்த வருஷம் அவருக்கு நாற்பத்தெட்டு வயது, எனக்கு முப்பத்து நாலு. தொழிற்சாலையில் இருந்த தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. மேற்பார்வை செய்த கிரேக்கக் கிழவன்கூட "அக்கா" என்றே கூப்பிடுவான். அதுதான் அவருடைய பெயர் என்று அந்த மனிதன் கடைசிவரை நினைத்திருந்தான்.

ஒருமுறை அவன் எல்லாருக்கும் புதுக் கத்தரிக்கோல் கொடுத்தான். நாங்கள் அன்றைக்கே வெட்டத் தொடங்கினோம். அக்கா எண்ணெய்த் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, திருகாணி கழன்ற பழைய கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டினார். ஒரு மாதம் கழித்து அவன் வந்து, "புதுசு எங்கே?" என்று கேட்டான். அக்கா எடுத்துக் காட்டினார். அவன் கையை நீட்ட முதல் திரும்பவும் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். தொட விடவில்லை.

கேக் கதையைச் சொல்லாமல் விட்டால் என் கணவர் கோபிப்பார். எங்களுடைய கலியாண வீடுகளில் கேக்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மினுங்கல் தாளில் சுற்றி விருந்தாளிகளுக்குக் கொடுப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அப்படி ஒரு துண்டை என் கணவருக்குக் கொடுத்தார். மனிதர் கடித்தார். கடித்தது நின்றது, பல் போகவும் இல்லை, வரவும் இல்லை.

"ஆற்ற கலியாணத்தில குடுத்தது அக்கா?" என்று மெல்ல ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

அக்கா பெயர் சொன்னார். அந்தத் தம்பதிக்கு இரண்டாவது பிள்ளையும் பிறந்து, அது நடக்கவும் தொடங்கியிருந்தது.

"பிரிக்கேல்லைத்தானே தம்பி! பிரிக்காத கேக்குக்கு என்ன நடக்கும்? சாப்பிடுங்கோ" என்றார் அக்கா. இவர் சாப்பிட்டார். மரியாதை தெரிந்த மனிதர். மூன்று நாள் தாடையைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

இதெல்லாம் சில்லறை. அக்காவின் உண்மையான சொத்து படுக்கையறை அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய சூட்கேசில் இருந்தது. இரண்டு சைக்கிள் ரயர், இரண்டு ரியூப், நாலு பிறேக் கட்டை, ஹாண்டிலுக்குப் போடுகிற ஒரு சோடிப் பிடி. எல்லாம் ரப்பர், எல்லாம் பாவிக்காதது, எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. வருஷத்துக்கு ஒருதரம் அவற்றை இறக்கி, துடைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, குழந்தைப் பிள்ளையைப் போலத் தடவி, ஒருமுறை மணந்து பார்த்து, திரும்பவும் மேலே ஏற்றுவார்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இது பைத்தியமாகத் தெரியாது. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. நோயாளியும் மணப்பெண்ணும் விறகும் ஒரே சைக்கிளில்தான் போக வேண்டும். அந்தச் சைக்கிளுக்கு ரயர் இல்லை. ரயர் வெடித்தால் ஊசியும் நூலும் எடுத்துத் தைப்போம். அப்படிப்பட்ட நாளில் அக்கா கொழும்புக்குப் போய்வந்தவர். வரும்போது இரண்டு ரியூப்பை இடுப்பைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் சேலை உடுத்து, பிறேக் கட்டைகளை மாத் தகரப் பேணிக்குள் புதைத்து, சோதனைச் சாவடியைத் தாண்டி, களப்பில் படகேறி வீடு வந்து சேர்ந்தார். சோதித்த பெண் சிப்பாய் இவர் வயிற்றைப் பார்த்து, எத்தனை மாதம் என்று கேட்டாளாம். "நாலு மாசம், ரெட்டை எண்டன். ரண்டு ரியூப்தானே!" என்று சொல்லிவிட்டு அக்கா சிரிப்பார். ரயர் இரண்டும் அந்தப் படகோட்டியிடம் கெஞ்சி வாங்கியவை.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை அவருடைய அம்மா சைக்கிளில் பூட்ட விடவில்லை. "வை, அவசரத்துக்கு உதவும்" என்று பத்திரப்படுத்திவிட்டார். அக்காவின் குணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். பிறகு அக்கா நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது, அம்மா அதே சாமான்களை மகளின் பெட்டிக்குள் வைத்தார். "போற இடத்தில ரயர் கிடைக்குமோ என்னமோ, கொண்டு போ பிள்ளை" என்றாராம். தங்கச் சங்கிலியை வைத்துக்கொண்டு ரயரைக் கொடுத்த தாய்! அன்றைக்கு எது பெரிது என்று அந்த மனுசிக்குத் தெரிந்திருந்தது. மொன்றியல் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, ரயரைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, மிச்சச் சைக்கிள் எங்கே என்று சைகையால் கேட்டானாம்.

மிச்சச் சைக்கிளைத் தேடி அக்கா நாலு கோடைகாலம் அலைந்தார். இங்கே ஆட்கள் பழைய சாமான்களை வீட்டு முன்றலில் பரப்பி விற்பார்கள். சனிக்கிழமைகளில் அக்கா தையல் நாடாவோடு வெளிக்கிடுவார். சைக்கிளின் நிறம் பார்க்கமாட்டார், செயின் பார்க்கமாட்டார். குந்தியிருந்து சில்லை அளப்பார். அளவு பிழைத்தால் எழும்பிப் போய்விடுவார். இந்த ஊர்ச் சைக்கிள்கள் எல்லாம் வேறு அளவு. கடைசியில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவின் கராஜுக்குள் இருபத்தெட்டு அங்குலச் சில்லோடு ஓர் இங்கிலாந்துச் சைக்கிள் அகப்பட்டது. பின்னால் கரியர், முன்னால் மணி, எருமை மாதிரிப் பாரம். உலகத்தில் எல்லாரும் சைக்கிளுக்கு ரயர் வாங்குவார்கள். அக்கா ரயருக்குச் சைக்கிள் வாங்கினார்.

வாங்கிவிட்டு? அந்தச் சைக்கிளில் ஏற்கெனவே இருந்த தேய்ந்த ரயரிலேயே ஆறு வருஷம் ஓடினார். புதுசு சூட்கேசில் பத்திரமாக இருந்தது.

அப்படி இருக்கையில்தான் அந்தக் கடிதம் வந்தது. குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு வரச்சொல்லி. திங்கட்கிழமை, டவுன்டவுனில், காலை பத்தரைக்கு முன் வந்து பதிய வேண்டும். அக்கா கடிதத்தை என்னிடம் மூன்று தரம் வாசிக்கக் கொடுத்தார். அகதியாக வந்தவர்; குடியுரிமை கிடைத்துப் பாஸ்போட் எடுத்தால்தான் ஊருக்குப் போய்வரலாம். அம்மாவைப் பார்த்துப் பதினொரு வருஷம். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த நேரம் அது. ஊரே போய்வந்துகொண்டிருந்தது, இவர் மட்டும் போகவில்லை. அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. "முகம் தெரியிற காலத்திலயே வந்திட்டுப் போ" என்று ஒவ்வொரு தொலைபேசியிலும் அழுவார். அந்தத் திங்கட்கிழமையைத் தவறவிட்டால் அடுத்த கடிதம் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காய்ச்சலில் படுத்துத் தவறவிட்டு ஒரு வருஷம் காத்துக்கிடந்தது.

"பிள்ளை, நல்ல நாள் வந்திட்டுது" என்றார் அக்கா. சூட்கேஸ் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் பின்கதவடியில் வைத்துச் சைக்கிளைக் கவிழ்த்தார். என் கணவர் எட்டிப் பார்த்தார். ஊரில் சித்தப்பாவின் சைக்கிள் கடையில் இருந்தவர் அவர். ரயரைக் கையில் எடுத்து மடக்கினார். உள்ளேயிருந்து மொறுக்கென்று ஒரு சத்தம் வந்தது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. ரப்பர் சும்மா கிடந்தாலும் கிழடாகும். இஞ்சை பாருங்கோ, மடக்கினா வெடிப்புத் தெரியுது. இந்தப் பிறேக் கட்டையில நகத்தைக் குத்துங்கோ. போகுதோ? நல்ல ரப்பர் எண்டா நகம் பதியும். இது கல்லு."

"ரோட்டில ஓடாத ரயர் எப்பிடித் தம்பி தேயும்?"

"தேயாது அக்கா. காயும்."

"உதென்ன விசர்க்கதை! பவுடர் போட்டு வைச்சிருக்கிறன், வெயில் படேல்லை, மழை படேல்லை. மணந்து பாருங்கோ, புது ரயர் மணம் போகேல்லை."

இவர் மணந்தார். பவுடர்தான் மணந்தது. "இந்தப் பிடி ரண்டும் கையில ஒட்டுது அக்கா, உருகுது" என்றார்.

"புதுசு எண்டா கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். நாளைக்கு மெட்ரோ வரைக்கும்தானே ஓடப்போறன். விடுங்கோ பாப்பம்" என்று அக்கா ரயரைப் பூட்டத் தொடங்கிவிட்டார். இவர் கையைக் கழுவினார். கழுவியும் கறுப்புப் போகவில்லை.

இதற்குள் ஒரு வில்லங்கம். அந்தக் கிழமை பஸ், மெட்ரோ எல்லாம் வேலைநிறுத்தம். காலையில் வேலைக்குப் போகிற நேரத்திலும் பின்னேரம் வருகிற நேரத்திலும் மட்டும் ஓடும். காலையில் ஒன்பது மணி வரைக்கும். கதைக்க ஆள் வேண்டும் என்று அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம் வரும். ஏழு மணிக்கே வெளிக்கிடுவோம் என்றேன். அக்கா கலண்டரைக் காட்டினார். திங்கட்கிழமை, ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம்.

"ஏழரைக்கு முன்னம் போவம் அக்கா."

"அவ்வளவு வெள்ளணப் போய் அந்தக் குளிருக்கை நிண்டு என்ன செய்யிறது? ஒன்பதடிக்க வெளிக்கிடுவம். ஒன்பது வரைக்கும் மெட்ரோ ஓடும்தானே?"

நானும் மண்டையை ஆட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குப் பிழை தெரியவில்லை. சரியாக ஒன்பதுக்கு வெளிக்கிட்டோம். அவர் சைக்கிளை உருட்ட, நான் பக்கத்தில் நடந்து, சோவே மெட்ரோவுக்கு ஒன்பது பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவு பூட்டு. ராகு காலமும் மெட்ரோவும் ஒரே நேரத்தில் முடிந்திருந்தன.

தெருத் தொலைபேசியில் ராக்சிக் கொம்பனிக்கு அடித்தால் பாட்டுத்தான் கேட்டது. முழு மொன்றியலும் ராக்சிக்கு அடித்துக்கொண்டிருந்தது. என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். கார் வைத்திருந்த தெரிந்தவர்கள் எல்லாரும் வேலையில். அக்கா பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். புதுச்சேலை, அதற்குக் கீழே தடித்த காற்சட்டை, மேலே குளிர்க்கோட்டு. முகம் சுருங்கிப்போய்விட்டது. "அம்மா" என்று ஒரு சொல் மட்டும் வாயிலிருந்து வந்தது.

அடுத்த நிமிஷம் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினார்.

"ஏறு."

"எதில?"

"கரியரில. டபிள் போவம். பத்துக் கிலோமீற்றர்தானே? சங்கானையிலயிருந்து யாழ்ப்பாணம் போறதைவிடக் கிட்ட."

"அக்கா, நான் இப்ப எத்தினை கிலோ தெரியுமோ?"

"நான் ரண்டு மூடை நெல்லு ஏத்தினவள். ஏறடி!"

ஏறினேன். குடியுரிமைக் கடிதம் இருந்த உறையை மார்போடு பிடித்துக்கொண்டேன். கரியர் முனகியது. சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் ஆடி, ஒருமுறை இடப்பக்கம் ஆடி, நேராகி, தெற்குப் பார்த்து ஓடத் தொடங்கியது.

ஐயோ, அந்த ஓட்டம்! சென்-டெனி வீதியில் அன்றைக்கு நகரம் முழுவதும் இறங்கி நடந்துகொண்டிருந்தது. கோட்டும் சூட்டும் போட்டவர்கள் சில்லுச் சப்பாத்தில் வந்தார்கள். அவர்களுக்கு நடுவே பச்சைச் சேலையும் கம்பளித் தொப்பியுமாக ஒரு பெண் சைக்கிள் மிதிக்க, பின்னால் இன்னொருத்தி பக்கவாட்டில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? கை தட்டினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். அக்கா ஒவ்வொருவருக்கும் மணியடித்தார். காலையில் இருந்த பயம் எங்கே போனதோ தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் சைக்கிள் ஆடியது, ஆடினால் அக்கா ஏசினார், ஏசினால் இன்னும் சிரிப்பு வந்தது.

"ரயர் எப்பிடி ஓடுது பாத்தியோ? வெண்ணெய்! உன்ரை மனுசன் வந்து பாக்கட்டும்."

"கீழயிருந்து ஒரு சத்தம் வருதக்கா. பொரிவிளாங்காய் கடிக்கிற மாதிரி."

"அது புது ரயரின்ரை சத்தம்."

பாதி வழியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, நின்றது என்று சொல்ல முடியாது, அக்கா பிறேக்கைப் பிடித்தார், சைக்கிள் யோசித்தது, யோசித்து யோசித்து விளக்கைத் தாண்டி மூன்று வீட்டுத் தூரத்தில் நின்றது. அக்கா கையுறையைக் கழற்றப் பார்த்தார். அது பிடியோடு ஒட்டிக்கொண்டது. இழுத்ததில் கை மட்டும் வந்தது. கம்பளி பிடியிலேயே நின்றது. வெறுங்கையால் பிடித்து ஓட்டினார். மணி பத்து ஆகிக்கொண்டிருந்தது.

பிறகு வந்தது பெர்ரி வீதி இறக்கம். மொன்றியல்காரருக்குத் தெரியும்: அதுவரை சாதுவாக வந்த நகரம் அந்த இடத்தில் திடீரென்று சரியும். சைக்கிள் பாதை அதன்வழியாக நேரே கீழே போகிறது.

"இறங்கி உருட்டுவம் அக்கா."

"மணி பத்து அஞ்சு பிள்ளை! உருட்ட நேரமில்லை. பிறேக் கட்டை நாலும் புதுசு. இறுக்கிப் பிடி!"

நாலு கட்டையும் கல்லு என்று என் கணவர் சொன்னது எனக்கு நினைவு வந்தபோது நாங்கள் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தோம். அக்கா பிறேக்கைப் பிடித்தார். கிறீச் என்று நகரத்தின் காது கிழிகிற சத்தம் ஒன்று வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. சத்தம் மட்டும்தான் பிறேக் பிடித்தது, சைக்கிள் போய்க்கொண்டேயிருந்தது.

"பிடிக்குதில்லை பிள்ளை!"

"தெரியுதக்கா!"

"காலை வை! காலை ஊண்டு!"

ஊன்றினேன். என் சப்பாத்தின் குதிக்கால் புகைந்தது. முன்னால் போனவர்களைப் பார்த்து அக்கா, "பர்தோன்! பர்தோன்! விலகுங்கோ ராசா! பர்தோன்!" என்று கத்திக்கொண்டு மணியை அடித்தார். ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். என் கண்ணில் தண்ணீர், காதில் காற்று. முன்னாலிருந்து இன்னொரு சத்தமும் கேட்டது. நான் அக்கா அழுகிறார் என்று நினைத்தேன். மனுசி சிரித்துக்கொண்டிருந்தார்! விழுந்து விழுந்து, மூச்சு வாங்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அந்தக் கணத்தில் அவரைப் போல ஓர் ஆளை நான் பார்த்ததில்லை என்று தோன்றியது. செத்தால் இவரோடுதான் என்றும் தோன்றியது.

கீழே தரை சமமானது. சந்திக்குச் சந்தி வேகம் குறைந்தது. பச்சை விளக்கும் கடவுளும் துணை செய்ய, சைக்கிள் தானாகவே மெதுவாகி, ஒரு கோப்பிக் கடை வாசலில் நிற்கப்போகிற நேரம், எனக்குக் கீழே "டமார்!"

பின் ரயர் வெடித்தது.

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. கண் திறந்தபோது நான் நடைபாதையில் குப்புறக் கிடந்தேன். கை இரண்டும் தலைக்கு மேலே. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, காது அடைக்காமல் இருக்க. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அக்காவும் அதே மாதிரி. முழங்கையை மடித்து, நெஞ்சு தரையில் படாமல், பழகிய படுப்பு. ஒருவரும் எங்களுக்கு விழு என்று சொல்லவில்லை. பதினொரு வருஷமாக மொன்றியலில் இருக்கிற இரண்டு பெண்கள், ஒரு ரயர் வெடித்ததற்கு, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி விழுந்து கிடக்கிறோம். சுற்றிவர ஆட்கள் கோப்பிக் கோப்பையோடு நின்று எங்களைப் பார்க்கிறார்கள். அவர்கள் ஒருவரும் விழவில்லை. அவர்களுக்கு விழத் தெரியாது.

அக்கா தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரயர்" என்றார்.

"ஓம் அக்கா. ரயர்."

சிரித்தோம். எழும்ப முடியாமல் சிரித்தோம். ஓர் இளம் பெண் ஓடிவந்து எங்களைத் தூக்கிவிட்டாள். அக்காவுக்குச் சிரிப்பிலேயே கண்ணீர் வந்து, அது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் போய், மூக்கைச் சிந்தி, "எத்தினை மணி?" என்றார்.

பத்துப் பன்னிரண்டு.

சைக்கிளை ஒரு கம்பத்தில் கட்டிவிட்டு ஓடினோம். நாற்பத்தெட்டு வயதில் சேலையோடு அக்கா ஓடிய ஓட்டத்தில் நான் பின்னுக்கு நின்றேன். அந்தக் கட்டடத்தின் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து முப்பத்தாறு. பதிவு மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி பெயர்ப்பட்டியலை மூடிக்கொண்டிருந்தார். ஹெயிட்டிக்காரப் பெண், மூக்குக் கண்ணாடி, கண்டிப்பான முகம். பதிவு முடிந்தது, புதுத் திகதி தபாலில் வரும் என்றார்.

என் பிரெஞ்சு முழுவதையும் கொட்டினேன். மெட்ரோ, வேலைநிறுத்தம், சைக்கிள், ரயர், அம்மா, கண். எந்த ஒழுங்கில் வந்ததோ அந்த ஒழுங்கில். அவர் தலையசைத்துக்கொண்டேயிருந்தார், இல்லை இல்லை என்று. அக்காவுக்கு மொழி விளங்காது. ஆனால் அந்தத் தலையசைப்பு விளங்கியது. இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே விரித்துக் காட்டினார்.

உள்ளங்கை இரண்டும் தார் பூசியது போலக் கறுப்பு. பிடியில் உருகிய ரப்பரும் அதில் ஒட்டிய கம்பளியும்.

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். கையைப் பார்த்தார். சேலையில் ஒட்டிய நடைபாதைத் தூசியைப் பார்த்தார். எங்கேயிருந்து மிதித்து வந்தீர்கள் என்று கேட்டார். அஹுன்ட்சிக் என்றேன். இரண்டு பேருமா என்றார். ஓம் என்றேன். அவர் வாயை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை; மேசை குலுங்கச் சிரித்தார். பிறகு பட்டியலைத் திரும்பவும் திறந்தார்.

சத்தியம் செய்யும்போது எல்லாரும் வலது கையை உயர்த்த வேண்டும். நான் கடைசி வரிசையில் இருந்து பார்த்தேன். எத்தனையோ நாட்டுக் கைகள். அத்தனைக்கும் நடுவில் ஒரு கை மட்டும் அமாவாசை. அக்கா அதைத்தான் எல்லாரையும்விட உயர்த்திப் பிடித்திருந்தார். குடியுரிமைப் பத்திரம் வாங்கப் போனபோது, சத்தியம் செய்துவைத்த நீதிபதி அம்மா கை கொடுக்க வந்தார். அக்கா கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அவர் விடவில்லை, இழுத்துப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"வெலோ?" என்றார். சைக்கிள் என்று அர்த்தம். அக்காவுக்குத் தெரிந்த பத்துப் பிரெஞ்சுச் சொல்லில் அது ஒன்று.

"உய் மேடம், வெலோ!" என்றார் அக்கா, மண்டபம் கேட்க.

வெளியே வந்ததும் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் என்னையும் இழுத்துக்கொண்டு நுழைந்தார். கைப்பையிலிருந்து ஒரு தொலைபேசி அட்டையை எடுத்தார். இந்த நாளுக்கென்று மூன்று வருஷத்துக்கு முன் வாங்கியதாம். பிளாஸ்ரிக் உறையைப் பல்லால் பிரித்து இலக்கத்தை அடித்தார். அட்டை காலாவதி என்றது குரல். அக்கா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னுடைய பாவித்த அட்டையில் ஐந்து நிமிஷம் மிச்சம் இருந்தது, கொடுத்தேன்.

அங்கே இரவு. ஊரில் அம்மாவோடு இருந்த அவருடைய தம்பி பதறியடித்து எடுத்தார். "ஒண்டுமில்லையடா, அம்மாவைக் கூப்பிடு" என்றார் அக்கா. ஒரே கூண்டுக்குள் கன்னத்தோடு கன்னம் நின்றபடியால் எல்லாம் எனக்கும் கேட்டது.

"அம்மா, கிடைச்சிட்டுது. நான் வாறன்."

அந்தப் பக்கத்திலிருந்து மெலிந்த குரல் ஒன்று, "சித்திரைக்கு வாவன் பிள்ளை. வருஷப்பிறப்பு, நல்ல நாள்" என்றது.

"இல்லையம்மா. பாஸ்போட் வந்த கையோட வாறன். நல்ல நாளுக்கெண்டு வைச்சிருந்தா வெடிச்சுப் போகுதம்மா."

"என்ன வெடிச்சது? ஐயோ, அங்கையும் வெடிக்குதோ?"

"ரயர் அம்மா! நீங்கள் தந்துவிட்ட ரயர்!"

"ரயரோ?" அந்தக் குரலில் திடீரென்று உரம் ஏறியது. "அட விசரி! அதை இப்பதானோ போட்டனி?"

தாயும் மகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒரே சிரிப்பு. இரண்டு பேரும் எப்போது அழத் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் அட்டை முடிந்துவிட்டது. அக்கா செத்துப்போன தொலைபேசிக்குள், "வாறன், வாறன், கண்ணைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணீரைத் துடைத்த கையால் கன்னம் இரண்டும் கறுப்பாகிவிட்டது.

வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார்.

"நட. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கவேணும்."

"இப்பவோ? அக்கா, உங்கட முகத்தைக் கண்ணாடியில பாருங்கோ! வீட்டை போய்க் கழுவிப்போட்டு நாளைக்கு வருவம்."

அவர் ஏற்கெனவே தெருவைக் கடந்துகொண்டிருந்தார்.

"கழுவுறதைப் பிறகு பாப்பம்!"